நாயை வாடகைக்கு விடுவது: தப்பு எங்கே இருக்கிறது?

வால்ஆட்டி (இழையைத் தொடங்கியவர்)

ஒரு பெட்ரூம் ஃப்ளாட், மாதத்தில் பாதி நாள் டூர். இப்படிப்பட்டவர் லாப்ரடார் வாங்கி பால்கனியில் கட்டிப் போடுவதைவிட, வேண்டிய நாளுக்கு மட்டும் வாடகைக்கு எடுத்துக்கொண்டால் என்ன என்று கேட்பவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். நாய் என்ன கல்யாண வீட்டு நாற்காலியா, மணிக்கணக்கில் எடுத்துத் திருப்பிக் கொடுக்க என்று எகிறுபவர்களும் இருக்கிறார்கள்.

இது புது யோசனை இல்லை. 2007-ல் அமெரிக்காவில் ஃப்ளெக்ஸ்பெட்ஸ் என்ற நிறுவனம் லாஸ் ஏஞ்சல்ஸ், சான் டியாகோ, நியூயார்க், பிறகு லண்டன் என்று நடத்திப் பார்த்தது. ஆண்டுச் சந்தா, மாதச் சந்தா, அதற்கு மேல் நாள் வாடகை சுமார் 40 டாலர். கழுத்துப்பட்டையில் ஜி.பி.எஸ்., கூடவே நாயின் படுக்கை, கிண்ணம், அளந்து கட்டிய தீனி. எடுப்பவருக்கு முதலில் பயிற்சியாளரோடு ஒரு வகுப்பு. காகிதத்தில் பார்த்தால் குறையே சொல்ல முடியாது. ஆனால் பாஸ்டனுக்கு வரப் போகிறது என்றதும் எதிர்ப்பு கிளம்பி, 2008-ல் மாசசூசெட்ஸ் மாநிலமே நாய் வாடகைத் தொழிலுக்குத் தடை போட்டது.

"பாவம்", "வாயில்லா ஜீவன்" எல்லாம் தெரிந்ததுதான். கை மாறுவது நாயை உடம்பளவில் என்ன செய்கிறது, கணக்கு கட்டுப்படியாகுமா, சட்டம் என்ன சொல்கிறது, இந்த மூன்றையும் விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

வெட்_மதுரை

முதல் கேள்விக்கு மட்டும் இப்போது. ஆள் மாறினால் நாய் மனசு உடைந்துவிடும் என்று பொத்தாம் பொதுவாகச் சொல்ல முடியாது. 2019-ல் அமெரிக்காவில் 5 காப்பகங்களில் 207 நாய்களை ஓரிரண்டு இரவு வெளி வீடுகளில் தங்க வைத்து, சிறுநீரில் கார்டிசால் (மன அழுத்தத்தில் ஏறும் ஹார்மோன்) பார்த்தார்கள். வெளியே இருந்த நாட்களில் அளவு இறங்கியது. திரும்பி வந்ததும் பழைய நிலைக்கு ஏறியது, அதற்கு மேல் போகவில்லை. அதாவது "காட்டிவிட்டுப் பறிப்பது" என்ற பயத்துக்கு அந்த அளவீட்டில் ஆதாரம் இல்லை.

அதே ஆய்வாளர்கள் 2021-ல் வெளியிட்ட இன்னொன்று இருக்கிறது. 4 காப்பகம், 164 நாய், இரண்டரை மணி நேரம் வெளியே கூட்டிப் போய்த் திரும்புவது. இங்கே கார்டிசால் இறங்கவில்லை, ஏறியது. மறுநாள் பழையபடி ஆனது. ஏன்? இரவு தங்கினால் நாய் தூங்குகிறது. குரைப்புச் சத்தம் நிறைந்த கொட்டிலில் கிடைக்காத தொடர் தூக்கம் வீட்டில் கிடைக்கிறது. இரண்டரை மணி நேரத்தில் கார், புது ஆள், கடைத்தெரு, ஃபோட்டோ என்று பரபரப்பு மட்டுமே மிச்சம்.

வாடகைக்கு இதிலிருந்து எடுக்க வேண்டியது: மணிக்கணக்கு வாடகைதான் நாய்க்கு மோசம், முழு நாளும் இரவும் சேர்ந்தது அவ்வளவு இல்லை. வியாபாரமோ நேர்மாறாக யோசிக்கும். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மூன்று பேருக்கு மும்மூன்று மணி நேரம் விட்டால்தானே காசு.

கன்னிப்பிரியன்

டாக்டர் சார், ஒரு திருத்தம். அவை காப்பக நாய்கள். கார்டிசால் வழக்கமாகவே உச்சத்தில் இருக்கும்போது, ஒரு வீட்டில் இரவு தூங்கினாலே இறங்கத்தான் செய்யும். அதுவும் ஓரிரண்டு இரவு. வாடகை நாய் வருஷத்துக்கு 60, 70 வீடு ஏறி இறங்கும். அந்த ஆய்வை வைத்து இதற்குச் சான்றிதழ் கொடுக்க முடியாது.

இன்னொன்று, இனம். லாப், கோல்டன் மாதிரி யார் பிஸ்கட் நீட்டினாலும் வாலாட்டும் சாதி வேறு. கன்னி, சிப்பிப்பாறை, ராஜபாளையம் எல்லாம் வீட்டாளை மட்டும் ஏற்கிறவை. தெரியாதவன் கயிற்றைப் பிடித்தால் கன்னி ஒடுங்கி உட்காரும், இல்லையென்றால் தலையைப் பின்னால் இழுத்து கழுத்துப்பட்டையை உருவிக்கொண்டு ஓடும். அதன் தலையைவிடக் கழுத்து அகலம், சாதாரண பெல்ட் நிற்கவே நிற்காது. ராஜபாளையம் ஓடாது, கடிக்கும். நம்மூர் நாயை வைத்து இந்தத் தொழிலை யாரும் நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம்.

கொட்டில்கணக்கு

நாயின் மனசு பற்றி டாக்டர் பார்த்துக்கொள்ளட்டும். நான் பணத்தைப் பேசுகிறேன், ஏனென்றால் இந்தத் தொழிலில் தப்பு உட்கார்ந்திருக்கும் இடம் அதுதான்.

10 நாய் கொட்டில், நகரத்து ஓரம். ஒரு நாய்க்கு மாதச் செலவு போடுவோம். விலையெல்லாம் உத்தேசம், உங்க ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

30 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,430 கிலோ கலோரி. 100 கிராமுக்கு 350 கலோரி உள்ள உலர்தீனி என்றால் 410 கிராம், மாதம் 12 கிலோ சொச்சம், கிலோ 350 ரூபாய் வைத்தால் 4,200. இரண்டு ஆள் சம்பளம் 36,000-ஐப் பத்தாகப் பிரித்தால் 3,600. இட வாடகையில் பங்கு 3,000. தடுப்பூசி, உண்ணி மருந்து, குடற்புழு, எப்போதாவது வரும் டாக்டர் பில் சராசரியாக 1,200. வண்டி, மின்சாரம், தட்டுமுட்டு 1,500. மொத்தம் 13,500.

நாள் வாடகை 1,500 என்றால் மாதம் 9 நாள் போனால் கை கடிக்காது. எல்லாரும் இந்த இடத்தில் கணக்கை நிறுத்திவிட்டு "சூப்பர் பிசினஸ்" என்று எழுந்துவிடுவார்கள்.

நாய் 12 வருஷம் இருக்கும். 2 வயதுக்கு முன் வெளியே விடக் கூடாது, 8 வயதுக்கு மேல் விடக் கூடாது. சம்பாதிப்பது 6 வருஷம், சாப்பிடுவது 12 வருஷம். அப்படியானால் உழைக்கும் ஒவ்வொரு மாதமும் 27,000 ரூபாய் சுமக்க வேண்டும். 1,500 ரூபாயில் அது 18 நாள். மாதத்தில் 18 நாள் கை மாறும் நாய் என்ன கதியாகும் என்று டாக்டரிடமே கேளுங்கள். 8 நாளுக்கு மேல் விடமாட்டேன் என்று நியாயமாக நின்றால் நாள் வாடகை 3,375.

அதை யாரும் கொடுக்க மாட்டார்கள். அதனால் நடப்பது என்ன? ஒன்று, நாளைக் கூட்டுவார்கள். இல்லையென்றால் 8 வயது நாயை "நல்ல வீட்டுக்குத் தத்து" என்று போட்டோ போட்டுக் கழட்டிவிடுவார்கள். சில இடத்தில் இரண்டும். கொடுமை என்று தனியாக யாரும் செய்வதில்லை. கணக்கே செய்துவிடும்.

வால்ஆட்டி

3,375-ல் முதுமைக்கு மட்டும் எவ்வளவு போகிறது அண்ணே?

கொட்டில்கணக்கு

4 வருஷ ஓய்வுக்கு 6,48,000. ஆறு வருஷத்தில் வாடகை நாட்கள் 576. வகுத்தால் நாளுக்கு 1,125 ரூபாய், வாடகையில் சரியாக மூன்றில் ஒரு பங்கு. அந்தப் பணம் அன்றன்றைக்குத் தனிக் கணக்கில் விழ வேண்டும், நாயின் பெயர் எழுதி. தொழில் கணக்கிலேயே கிடந்தால் முதல் மோசமான மாதத்தில் சம்பளத்துக்குப் போய்விடும். வாடகைக்கு எடுக்கிறவர் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்: உங்களிடம் இப்போது 8 வயது தாண்டிய நாய் எத்தனை இருக்கு, காட்டுங்க. பத்து வருஷமாக நடக்கும் கொட்டிலில் ஒரு கிழட்டு நாய்கூட இல்லை என்றால் திரும்பி நடந்துவிடலாம்.

சட்டப்புள்ளி

மாசசூசெட்ஸ் தடை பற்றி ஒரு பின்கதை. சட்டம் 2008-ல் நாள் வாடகைக்காரர்களை மனதில் வைத்து வந்தது. பிறகு அது பிடித்தது வேறு ஒரு ஜாதியை, குத்தகைக்காரர்களை. நாய்க்குட்டிக் கடையில் "மாதத் தவணை" என்று கையெழுத்து வாங்குவார்கள். படித்துப் பார்த்தால் அது கடன் இல்லை, குத்தகைப் பத்திரம். நாய் நிதி நிறுவனத்துக்குச் சொந்தம், நீங்கள் வாடகைக்கு வைத்திருக்கிறீர்கள். 2017-ல் பத்திரிகைகளில் வந்த ஒரு கணக்கு: 2,400 டாலர் கோல்டன் ரிட்ரீவர் குட்டி, மாதம் 165.06 டாலர் வீதம் 34 மாதம், கடைசியில் வாங்கும் தொகையும் சேர்த்தால் 5,800 டாலர் அளவில். அந்தக் குத்தகையை எழுதியது வாக்ஸ் லெண்டிங் என்ற நிதி நிறுவனம். கட்டவில்லை என்றால் நாயைத் தூக்கிக்கொண்டு போகலாம். நாய் செத்துப்போனாலும் பாக்கி சாகாது. கலிபோர்னியாவும் நெவாடாவும் 2017-லும், நியூயார்க் 2018-லும் இதைத் தடுத்து சட்டம் போட்டன.

நாள் வாடகையைவிட இது எனக்கு அசிங்கமாகப் படுகிறது. வாடகைக்காரன் குறைந்தபட்சம் "இது வாடகை" என்று சொல்லித்தான் காசு வாங்குகிறான்.

ஜப்பான் தடை போடவில்லை. விலங்கு நலச் சட்டத்தின் பதிவு வகைகளில் விற்பனை, பராமரிப்பு, பயிற்சி, காட்சி என்பவற்றோடு வாடகைக்கு விடுவதும் தனி வகை. பதிவு 5 வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கணும், ஒவ்வொரு இடத்துக்கும் பொறுப்பாளர் ஒருவர். 2021 ஜூனில் எண் கணக்கில் விதி வந்து படிப்படியாக இறுகியது: இனப்பெருக்கம் அல்லாத நாய் 20-க்கு ஒரு ஊழியர். கூண்டு நாயின் உடல் நீளத்தில் 2 மடங்கு நீளம், ஒன்றரை மடங்கு அகலம், நின்ற உயரத்தில் 2 மடங்கு உயரம், அதோடு தினம் குறைந்தது 3 மணி நேரம் ஓடியாட இடம். டேப் வைத்து அளந்து அபராதம் போடலாம். "அன்போடு நடத்த வேண்டும்" என்ற விதியை எந்த அதிகாரியும் அளக்க முடியாது.

இந்தியாவில் வாடகை என்ற சொல்லைப் பிடித்து நிறுத்தும் பிரிவு 1960-ன் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் இல்லை. 2017 நாய் இனப்பெருக்க விதி வளர்ப்பவர்களுக்கு, 2018 விதி செல்லப்பிராணிக் கடைகளுக்கு. சினிமா, காட்சி என்றால் 2001 விதிப்படி பதிவு வேண்டும். வீட்டுக்கு வாடகை விடுவது இந்த மூன்றுக்கும் நடுவில் உள்ள சந்து. மிஞ்சுவது 1960 சட்டத்தில் கொடுமைப்படுத்துவதைத் தண்டிக்கும் 11-ம் பிரிவு. அதில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். டீ, பன், இரண்டு பிஸ்கட் சாப்பிட்டால் அதைவிட அதிகம் ஆகும்.

இரவுக்காவல்

வழிகாட்டி நாயை எல்லாரும் மறந்துட்டீங்க. பிரிட்டனில் கைட் டாக்ஸ் அமைப்பு நாயின் உரிமையைத் தன் கையிலேயே வைத்திருக்கிறது. பார்வையற்றவர் கொடுப்பது பெயருக்கு 50 பென்ஸ். அந்த நாய் குட்டியில் தன்னார்வலர் வீட்டில் ஒரு வருஷத்துக்கு மேல், அப்புறம் பயிற்சி மையம், அப்புறம் வேலை, 10 வயது வாக்கில் ஓய்வு, ஓய்வில் தேவைப்பட்டால் இன்னொரு வீடு. குறைந்தது மூன்று கை மாறுகிறது, ஆயுள் முழுக்க இரவல். அமெரிக்காவின் சீயிங் ஐ அமைப்பு நேர்மாறு: முதல் நாய்க்கு 150 டாலர் வாங்கிக்கொண்டு உரிமையை ஆளிடமே எழுதிக் கொடுத்துவிடும்.

இரண்டில் எந்த நாய் நன்றாக இருக்கிறது என்று கேட்டால் வித்தியாசம் சொல்ல முடியாது. அப்படியானால் உரிமைப் பத்திரம் யார் பெட்டியில் இருக்கிறது என்பது நாய்க்கு ஒரு பொருட்டே இல்லை.

கன்னிப்பிரியன்

மூன்று கை, ஆனால் ஒவ்வொரு கையிலும் வருஷக்கணக்கில். ஞாயிறு ஒரு வீடு, திங்கள் ஒரு வீடு இல்லையே. பிரிட்டனில் 2012-ல் தொடங்கிய பாரோ மை டாகி முறை இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு. நாய்க்கு ஏற்கெனவே வீடு உண்டு, சொந்தக்காரர் உண்டு. பக்கத்துத் தெருவில் நாய் வைத்துக்கொள்ள முடியாதவர் நடைக்கும் வார இறுதிக்கும் எடுத்துக்கொள்வார். இருவரும் தளத்துக்கு ஆண்டுச் சந்தா கட்டுகிறார்கள், நாய்க்கு நாள் கூலி கிடையாது. அதனால் நாளைக் கூட்ட யாருக்கும் அவசரம் இல்லை. வால்ஆட்டி சொன்ன ஒற்றை பெட்ரூம்காரருக்கு இதுதான் சரி. அபார்ட்மென்ட் வாட்ஸ்ஆப் குழுவிலேயே ஆரம்பிக்கலாம்.

வால்ஆட்டி

சரி, வாடகையோ இரவலோ, கை மாறும் நாளில் என்ன செய்ய வேண்டும்? டாக்டர் சார் வரிசையாகச் சொன்னால் உதவும்.

வெட்_மதுரை

*கொடுப்பதற்கு முன்.* டிஹெச்பிபி (டிஸ்டெம்பர், பார்வோ போன்றவற்றுக்கான கூட்டு ஊசி), லெப்டோ (எலிக் காய்ச்சல்), ரேபிஸ், கெனல் காஃப் (கொட்டில் இருமல்) நான்கு தடுப்பூசியும் தேதி தாண்டாமல் இருக்க வேண்டும். பல வீடு ஏறும் நாய்க்கு லெப்டோ கட்டாயம், நம்மூரில் எலி மூத்திரம் இல்லாத காம்பவுண்டு கிடையாது. உண்ணி மருந்து அந்தந்த மாதம் தவறக் கூடாது. உண்ணிக் காய்ச்சல் கடித்த நாளில் தெரியாது, 8 முதல் 20 நாள் கழித்துத்தான் வெளிப்படும். அதற்குள் நாய் மூன்று வீடு பார்த்திருக்கும், எங்கே பிடித்தது என்று யாரையும் கேட்க முடியாது. அதனால் யார் வீடு, எந்தத் தேதி, திரும்பும்போது எடை என்ன என்று ஒரு நோட்டில் ஏறியாக வேண்டும். எடை 5 சதவீதம் குறைந்தால் வெளியே அனுப்புவதை நிறுத்துங்கள்.

*தீனி.* வாடகையில் அதிகம் கெடுவது வயிறு. தீனி மாற்ற ஒரு வாரம் வேண்டும்: கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் என்று. ஒரு நாளைக்குப் போகும் நாய்க்கு அதற்கு நேரம் கிடையாது. எனவே தன் தீனியையே எடுத்துப் போகணும், வேளை வேளையாகக் கட்டி. 20 கிலோ நாய்க்கு நாளுக்கு சுமார் 1,060 கிலோ கலோரி, மேலே சொன்ன தீனியில் 300 கிராம். 150, 150 என்று இரண்டு பொட்டலம். பொட்டலத்தின் மேலேயே எழுதி ஒட்டுங்கள்: திராட்சை, சாக்லேட், வெங்காயம், சர்க்கரை இல்லாத சூயிங்கம், சமைத்த எலும்பு கூடாது. ஞாயிறு பிரியாணி எலும்புதான் திங்கட்கிழமை என் மேசைக்கு வரும்.

*கைமாற்றம்.* ஓடிப்போவது பெரும்பாலும் முதல் நாளில், வாசலிலோ கார் கதவிலோ நடக்கும். கழுத்தில் ஒரு கயிறு, மார்புப் பட்டையில் ஒரு கயிறு, இரண்டும் கையில். கன்னிப்பிரியன் சொன்ன மாதிரி குறுந்தலை நாய் என்றால் கழுத்துக்கு மார்டிங்கேல் வகைப் பட்டை, அதாவது இழுத்தால் ஓரளவு இறுகுவது. ஜி.பி.எஸ். ஓடிய பிறகுதான் உதவும், ஓடுவதைத் தடுக்காது. வீட்டுக்கு வந்ததும் முதலில் மூத்திரம் போகும் இடத்தைக் காட்டுங்கள். பிறகு ஒரு மணி நேரம் வீட்டுக்குள்ளும் கயிறு கழட்டக் கூடாது, சும்மா இழுபடட்டும். அன்றைக்குக் குளிப்பாட்ட வேண்டாம், விருந்தாளி வேண்டாம், குழந்தைகள் முகத்தோடு முகம் வைத்து செல்ஃபி எடுக்கவே வேண்டாம். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் யாரும் தொடக் கூடாது.

*எப்போது திருப்பி அனுப்புவது.* வெயில் இல்லாமல் வாய் பிளந்து இரைப்பது, உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, தூக்கக் கலக்கம் இல்லாதபோதும் கொட்டாவி, கண்ணின் வெள்ளை தெரிய ஓரப் பார்வை. இதில் இரண்டு சேர்ந்து அரை மணிக்கு மேல் நின்றால் கூட்டத்தை விலக்கி அறையில் தனியே விடுங்கள். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றால் வாடகை முடிந்தது, பணம் திருப்ப வேண்டியது கொட்டில்காரர் பொறுப்பு. பணம் திரும்ப வரும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால்தான் எடுப்பவர் உண்மையைச் சொல்வார்.

*கடித்தால்.* சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவணும், அன்றே ஊசி தொடங்கணும். நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறது என்று சும்மா இருக்கக் கூடாது. அந்த நாயை 10 நாள் கண்காணிப்பில் வைக்க வேண்டும், அந்தப் பத்து நாளும் அது வேறு வீட்டுக்குப் போகவே கூடாது. சனிக்கிழமை புக்கிங்கை ரத்து செய்ய மனசில்லாமல் அனுப்பிவிட்டால், கடி வாங்கியவரின் சிகிச்சையை முடிவு செய்ய இருந்த ஒரே ஆதாரமும் ஊர் சுற்றப் போய்விடும்.

சட்டப்புள்ளி

கடி என்றதும் ஒரு சேர்க்கை. மாநகராட்சி உரிமம் கொட்டில்காரர் பெயரில் இருக்கும், நாய் அந்த நேரத்தில் எடுத்தவர் கையில் இருக்கும். பாரதிய நியாய சன்ஹிதா (இப்போதைய குற்றவியல் சட்டம்) 291-ம் பிரிவு, தன் வசம் இருக்கும் விலங்கால் ஆபத்து வராமல் பார்க்கத் தவறியவரைப் பிடிக்கிறது. "வசம்" என்றால் கயிறு பிடித்திருப்பவர். எனவே ஒப்பந்தத்தில் "எல்லாப் பொறுப்பும் வாடிக்கையாளருக்கே" என்ற வரியைக் கொட்டில்காரர்கள் ஆசையாக எழுதுவார்கள். ஆனால் அந்த நாய் முன்பே யாரையாவது கடித்திருந்து அதை மறைத்திருந்தால், சிவில் வழக்கில் அந்த வரியை வைத்துத் தப்பிக்கலாம் என்று நம்ப வேண்டாம். கடி வரலாறு ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும்.

இரவுக்காவல்

நம்ம பக்கம் காலங்காலமாக நடக்கும் நாய் வாடகை ஒன்றை யாரும் வாடகை என்றே சொல்வதில்லை: கிராஸிங்குக்கு ஆண் நாய் விடுவது. ரொக்கம் இல்லையென்றால் ஒரு குட்டி. அதற்கு ஒழுக்கம் பேச யாரும் வரமாட்டேன் என்கிறார்கள்.

வெட்_மதுரை

பேச வேண்டியதுதான். இரண்டு நாய்க்கும் புரூசெல்லா (இனச்சேர்க்கையில் பரவும் பாக்டீரியா) பரிசோதனை இல்லாமல் சேர்க்கக் கூடாது. வந்தால் பெட்டைக்கு கர்ப்பம் 45 நாளுக்கு மேல் கலையும், ஆணுக்கு விதை வீங்கும், முழுக்க குணமாகாது, மனிதருக்கும் ஒட்டும். ஒவ்வொரு சேர்க்கைக்கும் புது ரிப்போர்ட் கேளுங்கள், போன வருஷத்து ஜெராக்ஸ் செல்லாது.

வால்ஆட்டி

கடைசியாக ஒன்று. ஆபீஸ்களில் "பப்பி டே" என்று குட்டிகளை இரண்டு மணி நேரம் வாடகைக்கு எடுக்கிறார்கள். எங்கள் கம்பெனி ஹெச்.ஆர். கேட்கிறார், என்ன சொல்லட்டும்?

வெட்_மதுரை

குட்டி என்றால் வேண்டாம். 16-வது வார ஊசி முடியும் வரை குடலைத் தாக்கும் பார்வோ வைரஸிலிருந்து முழுப் பாதுகாப்பு இல்லை. அந்த வைரஸ் தரையில் மாதக்கணக்கில் கிடக்கும், செருப்பில் ஏறி வரும். குட்டிக்கு ஒரு நாளில் 18 மணி நேரத் தூக்கம் வேறு வேண்டும். இத்தாலியில் சுகாதார அமைச்சகம் 2024-ல் குட்டிகளை வைத்து யோகா நடத்துவதை நிறுத்தச் சொன்னது, வளர்ந்த விலங்குகளை மட்டும் பயன்படுத்து என்று.

வளர்ந்த நாய் என்றால்: நாய்க்கு ஒருத்தர் வீதம் அதன் சொந்த ஆள் கூடவே வர வேண்டும், ஒரு நேரத்தில் நாயைச் சுற்றி நான்கு பேருக்கு மேல் கூடாது, 20 நிமிடத்துக்கு ஒரு முறை 10 நிமிடம் கதவு சாத்திய அறையில் ஓய்வு, மொத்தம் ஒரு மணி நேரம். தரையில் வழுக்காத பாய். பஃபே மேசை அதே ஹாலில் இருந்தால் அதை வேறு மாடிக்கு மாற்றச் சொல்லுங்கள்.

கொட்டில்கணக்கு

அப்படியே ஹெச்.ஆர். கிட்ட அந்த 8 வயசு நாய் கேள்வியையும் கொடுத்து அனுப்புங்க தம்பி. கொட்டேஷன் வாங்கும்போதே கேட்கட்டும்.